மாத்திரையும் காப்பியும் ஒரே மடக்கில் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காப்பி உடம்புக்கு நல்லதா கெட்டதா என்பது குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியாகிவரும் வாசகர் கடிதங்களைத் தொடர்ந்து படித்து வருகிறேன். காப்பியை விட்டொழித்த பிறகே உடல் தேறியது என்று ஒருவர் எழுதுகிறார். நாற்பது ஆண்டுகளாகக் குடித்தும் தமக்கு ஒரு குறையும் இல்லை என்று மற்றொருவர் மறுக்கிறார். இருவர் சொல்வதும் அவரவர் அளவில் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் எந்த வேளையில் குடிக்கிறோம், எதனோடு சேர்த்துக் குடிக்கிறோம் என்பதைப் பற்றி இதுவரை எவரும் பேசக் காணோம். கம்பம் பள்ளத்தாக்கில் கிராம சுகாதார செவிலியராக 31 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்ற நான் கண்டவரை, எங்கள் ஊர்ப் பெண்களுக்குக் காப்பியால் நேர்ந்த கேடு பெரும்பாலும் அந்த இரண்டிலிருந்தே வந்தது. அதை எழுத வேண்டும் என்றுதான் இந்தக் கடிதம்.

எங்கள் கூடலூர் கேரள எல்லையை ஒட்டிய ஊர். லோயர் கேம்ப்பைத் தாண்டி மலையேறினால் குமுளி வந்துவிடும். கூடலூர், கம்பம், புதுப்பட்டிப் பகுதிகளிலிருந்து நாள்தோறும் விடியுமுன் ஜீப்புகளில் ஏறி, குமுளி வழியாகவும் கம்பம்மெட்டு வழியாகவும் இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குக் காய் எடுக்கப் போகும் பெண்கள் ஏராளம். நான்கு மணிக்கு எழுந்து, சோறாக்கித் தூக்குவாளியில் அடைத்து, பிள்ளைகளைக் கிழவியிடம் ஒப்படைத்துவிட்டு ஜீப்புக்கு ஓடுகிறவர்கள், பொழுது சாய்ந்த பிறகுதான் வீடு திரும்புவார்கள். நாங்கள் வீடு வீடாகச் செல்லும் நேரத்தில் அவர்கள் மலைமேல் இருப்பார்கள். மலைமேல் இருக்கும் சுகாதாரப் பணியாளரின் பதிவேட்டிலோ அவர்கள் பெயர் இருக்காது. இப்படி இரண்டு மாநிலத்துக்கும் நடுவில் கண்ணில் படாமல் போகும் கர்ப்பிணிகளைப் பார்க்க வேண்டுமென்றால் ஜீப் நிற்கும் இடத்துக்கே போவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. பல ஆண்டுகள் நான் அப்படித்தான் மாத்திரைப் பையோடு விடியற்காலையில் போய் நின்றேன்.

ஒரு தை மாதக் காலைப் பொழுது இன்றும் கண்முன் நிற்கிறது. ஐந்து மாதக் கர்ப்பிணி ஒருத்தி. வயது 23 இருக்கும். முதல் பரிசோதனையில் அவளுடைய ஹீமோகுளோபின் 8.2 கிராம். கர்ப்பிணிக்கு அது 11 கிராமுக்குக் குறையக் கூடாது. இரண்டு மாதங்களாக இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தும் அளவு ஏறவே இல்லை. மாத்திரையை வாங்கிக்கொண்டு போய்ப் பரணில் போட்டுவிடுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருந்ததால், இவளும் அப்படித்தான் செய்கிறாள் என்று மனத்துக்குள் கோபமாகக்கூட இருந்தது. அன்று காலை, டீக்கடை வாசலில் நின்றபடி அவள் மடியிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்தாள். சிவப்பு மாத்திரை ஒன்றைப் பிதுக்கி நாக்கில் வைத்தாள். கையிலிருந்த கண்ணாடி டம்ளர் காப்பியை ஊதி, ஒரே மடக்கில் மாத்திரையையும் சேர்த்து விழுங்கினாள். நான் திடுக்கிட்டுப் பார்த்ததைக் கண்டு அவளே சொன்னாள்: “வெறுந்தண்ணியில முழுங்குனா ஒமட்டுது நர்சம்மா. காப்பியோடன்னா நைசா உள்ள எறங்கிருது.”

அவள் ஒரு நாள்கூடத் தவறவிடவில்லை. நான் கொடுத்த மாத்திரைகளில் பெரும்பகுதி அந்தக் காப்பியோடு வீணாகப் போயிருந்தது.

காப்பியில் உள்ள பாலிபீனால் வகைச் சத்துகளும், தேநீரில் உள்ள டானின்களும் குடலில் இரும்புச்சத்தைப் பற்றிக்கொண்டு, அது ரத்தத்தில் சேராமல் தடுக்கின்றன. இது காப்பியில் விழிப்பைத் தரும் பொருளான காஃபினுடைய வேலை என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை என்பதால், காஃபின் நீக்கிய காப்பியைக் குடித்தாலும் இந்தத் தடையிலிருந்து தப்ப முடியாது. 1983ஆம் ஆண்டிலேயே வெளியான ஓர் ஆய்வில், உணவோடு ஒரு கோப்பை காப்பி குடித்தபோது இரும்புச்சத்து உட்கிரகிப்பு 39 சதவீதமும், தேநீர் குடித்தபோது 64 சதவீதமும் குறைந்தது. அதே ஆய்வில் கண்ட மற்றொன்றை நான் பெண்களிடம் திரும்பத் திரும்பச் சொல்லி வந்தேன். உணவுக்கு ஒரு மணி நேரம் முன்பாகக் காப்பி குடித்தவர்களுக்குப் பாதிப்பு இல்லை. உண்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தவர்களுக்கோ, உணவோடு சேர்த்துக் குடித்தவர்களுக்கு நேர்ந்த அதே அளவு தடை இருந்தது. சாப்பிட்டு முடித்த கையோடு காப்பி குடிப்பதையே விருந்தின் நிறைவாகக் கருதும் நம் வழக்கத்தில் இதைக் காதில் போட்டுக்கொள்கிறவர்கள் குறைவு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலும், உணவுக்குக் குறைந்தது ஒரு மணி நேரம் முன்பும் ஒரு மணி நேரம் பின்பும் காப்பி, தேநீர் வேண்டாம் என்றே சொல்கிறது.

அந்தப் பெண்ணை மாத்திரையை இரவுக்கு மாற்றிக்கொள்ளச் சொன்னேன். சாப்பிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து, படுக்கப் போகும்போது, எலுமிச்சை பிழிந்த தண்ணீரோடு. எலுமிச்சையில் உள்ள வைட்டமின் சி இரும்புச்சத்து உடம்பில் சேரத் துணை செய்யும். குமட்டலும் உறக்கத்தில் தெரியாமல் போய்விடும். பிரசவத்துக்கு முன்பு அவளுடைய அளவு 10 கிராமைத் தாண்டியது. ரத்தசோகைக்குக் காப்பி ஒன்றே காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. வயிற்றுப்பூச்சி, மாதவிடாயில் அதிக உதிரப்போக்கு, கீரையும் பயறும் தட்டில் இல்லாத சோறு, அடுத்தடுத்த பிரசவம் என்று காரணங்கள் பல உண்டு. ஆனால் நம் மாநிலப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருப்பதாகத் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்லும்போது, அரசு செலவழித்துக் கொடுக்கும் மாத்திரையை ஒரு டம்ளர் காப்பி வீணாக்குவதை நாம் பார்த்துக்கொண்டிருக்கலாமா?

அடுத்து, காஃபினின் அளவு. மேற்சொன்ன வழிகாட்டுதலின்படி, 150 மில்லி வடித்த காப்பியில் 80 முதல் 120 மில்லிகிராம் வரையும், அதே அளவு இன்ஸ்டன்ட் காப்பியில் 50 முதல் 65 வரையும், தேநீரில் 30 முதல் 65 வரையும் காஃபின் இருக்கிறது. ஒரு நாளைக்கு 300 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. எங்கள் எல்லைப் பகுதியில் இந்தக் கணக்கு சற்றுச் சிக்கலானது. கம்பத்துக் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் சிக்கரி கலந்த தூள். சிக்கரி என்பது ஒரு செடியின் வறுத்த வேர். அதில் காஃபின் கிடையாது. கலப்புத் தூளில் குறைந்தது 51 சதவீதமாவது காப்பி இருக்க வேண்டும் என்பது சட்டம். மீதி சிக்கரியாக இருக்கலாம். மலையேறி குமுளிப் பக்கம் போனால், வீட்டைச் சுற்றி மிளகுக் கொடிக்கு நடுவே நிற்கும் ரொபஸ்டா வகைக் காப்பிச் செடியின் காயை முற்றத்தில் உலர்த்தி, வறுத்துப் பொடித்துக் கொதிக்க வைத்த கட்டன் என்னும் கறுப்புக் காப்பி கிடைக்கும். அதில் சிக்கரியும் இல்லை, பாலும் இல்லை. அராபிக்கா வகைக் காப்பிக் கொட்டையைவிட ரொபஸ்டாவில் காஃபின் ஏறத்தாழ இரு மடங்கு. பால் இல்லாததால் அது லேசான காப்பி என்று நம் பெண்கள் நினைத்துக் குடிப்பதுதான் எனக்கு வருத்தம். கீழே குடிக்கும் டிகிரி காப்பியைவிட மேலே குடிக்கும் கட்டன் பல நேரங்களில் வீரியம் மிகுந்ததாக இருக்கும். காஃபின் வெந்நீரில் எளிதில் கரைந்துவிடும் ஆதலால், வீட்டு ஃபில்டரில் முதல் டிகாக்ஷனிலேயே அதன் பெரும்பகுதி இறங்கிவிடுகிறது என்பதையும், இரண்டாம் டிகாக்ஷன் காப்பி ருசியில் மட்டமாக இருந்தாலும் இந்த வகையில் சாதுவானது என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

தோட்டத்துக்குப் போகும் பெண்ணின் ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். எழுந்ததும் வீட்டில் ஒன்று, ஜீப் வருமுன் கடையில் ஒன்று, பத்து மணிக்குத் தூக்குவாளிச் சோற்றோடு கட்டன் ஒன்று, மூன்று மணிக்கு மற்றொன்று, வீடு திரும்பியதும் அலுப்புத் தீர ஒன்று. கீழ்மட்ட அளவான 80ஐ வைத்துக் கூட்டினாலும் 400 மில்லிகிராம் வருகிறது. டம்ளர் சிறியது என்று பாதியைக் கழித்தாலும் 200. மற்றவர்களுக்கு இந்த அளவு பெரிதாகத் தோன்றாது. கர்ப்பிணிகளுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உள்ளிட்ட அமைப்புகள் வரம்பு வகுத்திருக்கின்றன. காரணம் இருக்கிறது. காஃபினை உடைத்து வெளியேற்றும் வேலை கல்லீரலுடையது. சாதாரணமாக உட்கொண்டதில் பாதி கழிய ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் அதே பாதி கழிய 15 மணி நேரம் வரைகூட ஆகலாம். காலையில் குடித்தது கழியுமுன் மாலையில் குடித்தது வந்து சேர்ந்துகொள்கிறது. நஞ்சுக்கொடியைத் தாண்டி அது சிசுவுக்கும் போகிறது. அதை உடைக்கும் ஆற்றல் சிசுவின் கல்லீரலுக்கு அப்போது வந்திருப்பதில்லை.

என் வீட்டில் நடந்ததையும் சொல்ல வேண்டும். என் கணவர் இளவயதிலிருந்து பீடி பிடித்தவர். 58ஆம் வயதில், பேரன் பிறந்த கையோடு, ஒரே நாளில் விட்டுவிட்டார். வீடே மகிழ்ந்தது. அந்த மகிழ்ச்சி பத்து நாள்கூட நிலைக்கவில்லை. இரவில் அவருக்கு உறக்கம் அறவே போயிற்று. ஒரு மணிக்கும் இரண்டு மணிக்கும் எழுந்து திண்ணையில் உட்கார்ந்திருப்பார், நெஞ்சு படபடக்கிறது என்பார், கை நடுங்கும். பீடியை விட்டதால் வரும் ஏக்கம் என்று எல்லோரும் சொன்னார்கள். மருத்துவமனை ஒன்றில் காட்டினோம். இரண்டே நிமிடத்தில் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். நாளொன்றுக்கு எத்தனை காப்பி குடிக்கிறீர்கள், கடைசிக் காப்பி எத்தனை மணிக்கு என்று அங்கே எவரும் கேட்கவில்லை. இத்தனை ஆண்டு ஊர் முழுதும் கேள்வி கேட்டுத் திரிந்த நானும் கேட்கவில்லை என்பது இன்றுவரை என்னை உறுத்துகிறது. பீடி பிடிக்காமல் இருக்க முடியவில்லை, பழையபடி பிடித்துத் தொலைக்கிறேன் என்று அவர் சொன்ன அன்றுதான் எனக்கு உறைத்தது.

புகையிலைப் புகை, காஃபினை உடைக்கும் கல்லீரல் நொதியைத் தூண்டிவிடுகிறது. புகைப்பவர் உடம்பிலிருந்து காஃபின் விரைந்து வெளியேறும். புகையை நிறுத்திய சில நாள்களிலேயே அந்த நொதி தன் பழைய வேகத்துக்குத் திரும்பிவிடும். காப்பியின் அளவு மாறாதிருந்தாலும் ரத்தத்தில் தங்கும் காஃபின் ஏறத்தாழ இரட்டிப்பாகிவிடும். என் கணவர் அன்றாடம் ஐந்து காப்பி குடிப்பவர். கடைசிக் காப்பி இரவு எட்டரைக்கு, செய்தி பார்த்துக்கொண்டே. பீடி இருந்தவரை அந்த ஐந்தும் தாங்கிற்று. பீடி போனதும் ஐந்து காப்பி பத்துக் காப்பியாகிவிட்டது. மதியம் இரண்டு மணிக்கு மேல் காப்பி இல்லை என்று வைத்தோம். காலையிலும் ஒன்றைக் குறைத்தோம். மூன்றாம் வாரத்திலிருந்து அவர் விடியும்வரை தூங்கினார். பீடியையும் மறுபடி தொடவில்லை. புகையை விட முயன்று தோற்கிறவர்களில் எத்தனை பேர், காப்பி செய்யும் தொல்லையைப் பீடியின் ஏக்கம் என்று நினைத்துத் தோற்கிறார்களோ என்ற எண்ணம் எனக்கு அடிக்கடி வரும்.

காஃபின் உறக்கத்தை எப்படிக் கெடுக்கிறது என்பதை ஊர்ப் பெண்களுக்கு நான் கம்பம் பேருந்து நிலையத்தை வைத்துத்தான் விளக்குவேன். நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சிறுகச் சிறுகச் சேர்கிறது. அது தனக்குரிய இருக்கைகளில் உட்கார உட்கார நமக்கு அசதியும் உறக்கமும் வருகின்றன. காஃபின் என்ன செய்கிறதென்றால், பேருந்து நிற்குமுன்னே சன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிக்கிறவரைப் போல அந்த இருக்கைகளைப் பிடித்துவிடுகிறது. அடினோசின் இறங்கிப் போவதில்லை. நின்றுகொண்டே கூட்டமாகப் பெருகுகிறது. துண்டை எடுத்ததும் அத்தனையும் ஒன்றாக உட்காரும்போதுதான், நான்கு மணி வாக்கில் கண்ணைச் சொருகும் அந்தச் சோர்வு வருகிறது. அதற்கு மருந்தென்று அடுத்த காப்பியைக் குடிக்கிறோம். குடித்த அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் அது ரத்தத்தில் உச்சத்தை எட்டுகிறது. இரவு பத்து மணிக்குப் பாதி இன்னும் உள்ளே இருக்கிறது. படுக்கைக்கு ஆறு மணி நேரம் முன்பு 400 மில்லிகிராம் காஃபின் உட்கொண்டவர்களுக்கு உறக்கம் ஒரு மணி நேரத்துக்கும் மேல் குறைந்ததாக 2013இல் வெளிவந்த ஆய்வு கூறுகிறது. காப்பி குடித்தாலும் எனக்குத் தூக்கம் வரும் என்கிறவர்கள் உண்டு. தூக்கம் வரலாம், ஆழ்ந்த உறக்கம் குறைந்துவிடுவதால் காலையில் எழும்போது அலுப்புத் தீர்ந்திருக்காது.

வைகுண்ட ஏகாதசி அன்று என் மாமியாருக்குத் தவறாமல் மண்டையைப் பிளக்கும் தலைவலி வரும். பட்டினியால் பித்தம் தலைக்கேறிவிட்டது என்று பற்றுப் போட்டுக்கொண்டு படுப்பார். அந்தத் தலைவலி காப்பி இல்லாமையால் வந்தது. நாள்தோறும் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் மூளையின் ரத்தக் குழாய்கள் விரிந்து தலைவலி தொடங்கும்; சிலருக்கு ஒரு வாரத்துக்கு மேலும் நீடிக்கும். ஆகவே காப்பியைக் குறைக்க நினைக்கும் வாசகர்கள், வீம்பாக ஒரே நாளில் நிறுத்தாமல், வாரத்துக்கு ஒரு டம்ளர் வீதம் குறைத்துக்கொண்டு வருவதே நல்லது.

பள்ளிக்குப் புறப்படும் குழந்தைகளுக்குப் பசியாறக் கொடுக்க வேறொன்றும் இல்லாமல், காப்பியில் பன்னை நனைத்துக் கொடுக்கும் வழக்கத்தைத் தாய்மார்கள் தயவுசெய்து விட வேண்டும். சுக்கும் மல்லியும் கருப்பட்டியும் போட்ட, காப்பித்தூள் சேராத சுக்குக் காப்பி பெரியவர்களுக்கு மாலை நேரத்துக்கு ஏற்றது. அதில் காஃபின் இல்லை. மலைமேல் சுக்குக் காப்பி என்று கேட்டால் காப்பித்தூளும் சேர்த்துத்தான் கொதிக்க வைப்பார்கள் என்பதால் கேட்டு வாங்கிக்கொள்ளவும். காப்பியை நாக்கு பொத்துப்போகும் சூட்டில் குடிப்பதைப் பெருமையாகச் சொல்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016இல் காப்பியைப் புற்றுநோய்ச் சந்தேகப் பட்டியலிலிருந்து விடுவித்தது. அதே அறிவிப்பில், 65 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டில் எதைக் குடித்தாலும் அது உணவுக்குழாய்க்கு ஆபத்தாக அமையக்கூடும் என்று எச்சரித்தது. டவராவில் ஊற்றி ஆற்றிக் குடித்த நம் பெரியவர்கள் சரியாகவே செய்தார்கள்.

காப்பியை விலக்கச் சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை. நானும் காலையில் ஒரு டம்ளர், பதினோரு மணிக்கு ஒரு டம்ளர் குடிப்பவள்தான். பனியில் நனைந்து, அட்டைக் கடியோடு, குனிந்த முதுகு நிமிராமல் ஏலக்காய் எடுக்கும் பெண்ணுக்கு அந்தக் கட்டன் எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை அறிவேன். அதைப் பிடுங்க எவருக்கும் உரிமை இல்லை. வேளையை மட்டும் மாற்றிக் கொடுக்கலாம். தோட்டத்தில் பத்து மணிச் சோற்றோடு வரும் கட்டனை எட்டரை மணிக்கே கொடுத்துவிட்டு, சோற்றோடு சீரகத் தண்ணீர் கொடுக்கத் தோட்ட முதலாளிகளுக்குக் கூடுதலாக ஒரு காசு செலவாகாது. மூன்று மணிக் கட்டனை இரண்டு மணிக்கு நகர்த்தினால் வேலை கெடப்போவதும் இல்லை.

அரசிடம் கேட்பது இரண்டு. காப்பித்தூள் பொட்டலத்தில் சிக்கரி சதவீதத்தைக் கண்ணாடி போட்டுத் தேடும்படியாகப் பொடி எழுத்தில் அச்சிடாமல், தமிழில், பெயருக்கு அருகிலேயே பெரிதாக அச்சிடச் செய்ய வேண்டும். இலவசமாக வழங்கப்படும் இரும்புச்சத்து மாத்திரை அட்டையில் ‘காப்பி, டீயுடன் விழுங்கக் கூடாது, இரண்டு மணி நேரம் இடைவெளி வேண்டும்’ என்ற வரியைத் தமிழில் அச்சிட வேண்டும். எங்கள் எல்லைப் பகுதிக்கு வரும் அட்டைகளில் மலையாளத்திலும் சேர்த்து அச்சிட்டால், தோட்டத்தில் உடன் வேலை செய்யும் அக்கம்பக்கத்துப் பெண்களுக்கும் அது உதவும். எழுத்துத் தெரியாதவர்களுக்காகக் காப்பி டம்ளர் படத்தைப் போட்டு அதன் மேல் சிவப்பில் குறுக்குக் கோடு இழுத்தால் போதுமானது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர்,
கூடலூர், தேனி மாவட்டம்.